ஐஸ் ரூம் ஜாக்கெட்

எங்கள் குருபோங் ஊர் வெயிலில் இன்று குளிர்காலப் பாடம். "ஆளுக்கொரு குளிர் உடுப்பு கொண்டு வாங்க" என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். ஃபேஸ்புக்கில் நல்ல டீச்சர் என்று பேர் வாங்கும் ஆசை.

கேமரன் மலைக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரில், பொத்தான் பூட்டாத பனிமனிதன் மாதிரி நின்றேன்.

ஒன்றாம் ஆண்டு யாழினி முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஜாக்கெட்டில் வந்தாள். கோழி வாடை.

"யாரோடதும்மா?"

"அப்பாவோடது டீச்சர். அப்பா பேக்டரி ஐஸ் ரூம்ல கோழி அடுக்குவாரு."

"அப்ப இன்னிக்கு அப்பாவுக்கு?"

"இது ஒண்ணுதான் இருக்கு."

நான் போட்டோவெல்லாம் எடுத்து முடித்திருந்தேன்.

ஓய்வு நேரத்தில் ஜாக்கெட்டோடு காரில் ஓடினேன். பேக்டரி கேட்டுக்கு வந்த யாழினியின் அப்பா இரண்டு சட்டை போட்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. ஜிப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, நான்தான் இழுத்துவிட்டேன்.

"ஏங்க கொடுத்தீங்க?"

"டீச்சர் கேட்டாங்கன்னு பாப்பா ராத்திரி அழுதுச்சு. ஒரு நாள்தானே லா."

சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

அடுத்த வாரப் பாடம் பாலைவனம். வீட்டிலிருந்து என்ன கொண்டுவரச் சொல்லட்டும்? எந்த அப்பாவுக்கும் அன்றைக்குத் தேவைப்படாத பொருளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.