திருப்பிப் பிடிக்கும் ரத்தம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கொரோனாவில் மூத்தவன் போய்விட்டான். அவன் மிச்சம் வைத்த கஞ்சியைக் குடித்த எனக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. "மகன் உசுரைத் தின்னுட்டு உக்காந்திருக்கு," என்றாள் மருமகள்.

எனக்குக் கொரோனா ஒட்டாததைக் கேள்விப்பட்டு, தஞ்சாவூரிலிருந்து ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுக்க வந்தார். குழாயைக் கவிழ்த்துக் கவிழ்த்து, அதைப் பார்த்தே சிரிப்பார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். இரண்டாம் முறை வந்தபோது சொன்னார்:

"எல்லாருக்கும் ரத்தத்துல உள்ள காவல் செல்லு கிருமித் துண்டை ஒரே பக்கமாத்தான் புடிக்கும். உங்களது திருப்பிப் புடிக்குதும்மா. அதனாலதான் உங்களுக்குக் காய்ச்சல் வரல போல."

"இடக்கைக்காரி கதிர் அறுக்குற மாதிரியா?"

"அதேதாங்க."

"நான் பெத்தவனுக்கு அது ஏன் போகல?"

"அதைப் பெத்துக் குடுக்க முடியாதும்மா. அவங்கவங்க உடம்புல தானா அமையறது," என்றார், குழாயைப் பார்த்தபடியே.

கல்நெஞ்சுக்காரி. ஆனாலும் என்மேல் பழியில்லை என்று சொன்னது அவர் ஒருவர்தான்.

"பாட்டி சொல்லச் சொல்ல எழுதுனதை வாசி பாப்பா. சத்தமா வாசி, அடுப்படியில உங்கம்மாவுக்குக் கேக்கட்டும்."