காற்றடைத்த டியூப்

நாமக்கல் பஞ்சர் கடையில் லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். குமிழிகளோடு கிளம்பிய ரப்பர் வாசத்தில் எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

மழை பெய்த வாரம் மட்டுமே எருமப்பட்டிக்கு மேலே மலையில் அருவி விழும். எனக்கு நீச்சல் தெரியாதென்று அப்பா கீழே பஞ்சர் கடையிலேயே ஒரு லாரி டியூபுக்குக் காற்றடித்து, தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். பாதை நெடுக வேலமுள். பாதி வழியில் 'புஸ்ஸ்' என்றது.

"ஏனுங்கண்ணா, மேல போயிக் காத்தடிச்சிருக்கலாமில்லீங்க?" என்று சிரித்தாள் அத்தை, அப்பாவின் தங்கை.

"மேல பம்பு யாரு வெச்சிருக்கறாங்க?" என்றார் அப்பா.

அருவிக்கடியில் குளம் பச்சையாகக் கிடந்தது. சேலையை வரிந்துகட்டி அத்தை முதலில் இறங்கினாள். "குதி சாமி, நா இருக்கறேன்!"

குதித்தேன். மூக்கில் தண்ணீர் ஏறியது, மூழ்கவில்லை. சாயங்காலத்துக்குள் தனியாகவே நீந்தினேன். அப்பா மட்டும் சப்பையாகிப்போன டியூபைக் கட்டிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நீச்சல் தெரியாதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஒட்டியாச்சுங்க. காத்தடிக்கட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாங்க. கைப்பம்பு கொண்டு போறோம்."

காரில் அப்பா புது நீச்சல் கால்சட்டையோடு, இப்போதே பயந்துபோய்க் காத்திருந்தார். அதே அருவிக் குளத்தில் நின்று "குதிங்க சாமி" என்று கூப்பிடப்போவது இந்தத் தடவை நான்.