சிவப்பு மையில் வந்த பதில்

நேற்று பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போனில் தமிழில் ஒரு வரி அடித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு ஓடியது. நாலு பேர் கூடினால் வாயைத் திறக்காதவள் நான். ஆனாலும் போனைச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. சிவப்பு என்றால் எனக்கு நைனாதான், என் அப்பா.

ஆந்திராவில் எங்கள் புத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நைனா அங்கே டிரைவர். நகரியில் தமிழில் பத்தாவது படித்தவர் என்ற பெருமை, சட்டைப் பையில் குத்திய பேனா மாதிரி எப்போதும் அவரிடம் தெரியும். என்னைச் சேர்த்ததோ தெலுங்குப் பள்ளியில். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினசரிக் காலண்டரைப் பார்த்து நானாகக் கற்றதுதான் தமிழ். காலண்டர் என்றதும் கற்பூர வாசம் வருகிறது. கிழித்த தாளில்தான் அம்மா கற்பூரம் மடித்து வைப்பாள். எழுத்து மறந்துபோன இடத்தில் தெலுங்கு எழுத்தைப் போட்டு ஒப்பேற்றுவேன்.

நைனாவுக்கு ஒரு வழக்கம். நான் எழுதிய கடிதத்தைத் திருத்தி, தன் பதிலோடு திருப்பி அனுப்புவார். பிழைக்குச் சிவப்பு, பதிலுக்கு நீலம்.

எனக்குப் பதினோரு வயதில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றார்கள். நைனா வராமல் ஆபரேஷனுக்குப் படுக்கமாட்டேன் என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "சீக்கிரமா வரச்சொல்லு... எனுக்கு பயமா... கீதுன்னு எய்து." அவள் நிறுத்தி மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தேன். நிறுத்தினால் புள்ளி என்றுதானே பள்ளியில் சொன்னார்கள்!

ஒரு மாதம் கழித்து உறை வந்தது. உள்ளே என் கடிதம் மட்டும். தெலுங்கு எழுத்துகள் மேல் அடித்தல், புள்ளிகளைச் சுற்றி வட்டம், கீழே "பத்து முறை எழுதி அனுப்பு." நீலத்தில் ஒரு வரி இல்லை. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன்.

"நைனா இன்னா எய்திக்கிறாரு, பாப்பா?"

"வர்றேன்னு எய்திக்கிறாரும்மா."

தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வர்றேன்னு சொல்றதுக்கு இத்தினி செவப்பு எதுக்குடி?"

நான் அழுதுவிட்டேன். மறுவாரமே அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினாள் அம்மா.

நைனா வந்தது அடுத்த வருஷம், பெட்டியும் செண்ட் வாசனையுமாக. தெருவே வாசலில் நிற்க, என்னிடம் முதலில் கேட்டது: "பத்து தரம் எய்தினியா?"

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அவ எய்தல. டாக்டருதான் எய்தினாரு, என் வயித்துல. ஒரே தரம். தப்பு கீதா வந்து பாரு."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். நைனா பெட்டிக் கயிற்றை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

லீவு கிடைத்திருக்காது என்று என் கணவர் சமாதானம் சொல்வார். இருக்கட்டுமே. அதை நீலத்தில் எழுத எவ்வளவு நேரமாகும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கடிதம் எழுதுவதும் இல்லை. மகள் குரலைப் பதிந்து அனுப்புகிறாள். படியேறும்போது அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. அம்மாவின் குரல் எதிலும் பதிவாகவில்லை. அந்தத் தாள் மட்டும் என் பெட்டியில் இருக்கிறது. அவள் மூச்சு வாங்கிய இடமெல்லாம் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி அவர் போட்ட வட்டம்.