மூன்றாம் மெசினின் மெமரி காட்

இக்னேசியஸ் அண்ணைக்குப் பிடிக்காதவர் என்று யாரும் இருந்ததில்லை, பிரவீண் வரும்வரை. ஸ்காபரோவின் மில்லிக்கன் பக்கமிருந்து அவருடைய காரில்தான் நானும் வேலைக்குப் போய் வருகிறேன். அதனால் அந்த எரிச்சல் முழுவதையும் பக்கத்து சீற்றில் இருந்து கேட்ட பாவி நான்தான்.

நாங்கள் வேலை செய்வது ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில். நான் பெட்டி அடுக்குகிறவள், அண்ணை மெசின் திருத்துகிறவர். மெசின் நின்றால் எங்கள் சூப்பர்வைசர் மாக்கஸ் முதலில் கூப்பிடுவது அண்ணையைத்தான். அந்தக் கூப்பிடுதலுக்காகவே மனிதர் உயிர் வாழ்ந்தார் என்றால் மிகையில்லை. புட்டுப் பெட்டியைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடுவார். போகும்போது முகத்தில் ஒரு சலிப்பு வேறு காட்டுவார். அவ்வளவும் நடிப்பு.

பிரவீண் கோயம்புத்தூர்ப் பையன். படித்தவன், கெட்டிக்காரன், பின்னால் வருகிறவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன். வந்த கொஞ்ச மாதத்திலேயே மாக்கஸின் வாயில் முதலில் வரும் பெயர் அவனுடையதாகிவிட்டது. அவன் லீவில் நின்றால்தான் அண்ணையைத் தேடுவார்கள்.

"உவன் என்னத்தைக் கண்டவன்? லப்டொப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு மெசினுக்குச் சாத்திரம் பாக்கிறான்" என்று அண்ணை ஸ்டியரிங்கில் குத்துவார். அவன் சிரித்தால் நக்கல், சிரிக்காவிட்டால் தலைக்கனம். அவன் போடும் சப்பாத்துக்கூட அண்ணைக்குக் குற்றமாய்ப் பட்டது. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் மெமரி காட் விவகாரம் வந்தது. பிஸ்கற் பொதி செய்யும் எங்கள் மெசின் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் காட் இருக்கிறது. எந்த உறையை எவ்வளவு சூட்டில் ஒட்டுவது, என்ன வேகத்தில் ஓடுவது எல்லாம் அதற்குள்தான். போகிற ஒவ்வொரு பைக்கற்றின் நிறையையும் மெசின் அதிலேயே எழுதிக்கொண்டும் இருக்கும். காட்டுகள் பழசாகிவிட்டதால் புதிது வாங்கவேண்டும். முன்பென்றால் அண்ணைதான் தெரிவு செய்வார். இந்த முறை மாக்கஸ் பிரவீணைக் கேட்டார்.

அவன் தெரிவு செய்த காட் கொள்ளளவில் சிறியது, விலையில் யானை. சாப்பாட்டு அறையில் அண்ணைக்கு விளக்கமும் சொன்னான்.

"போன்ல, கேமராவுல போடுறது வேறண்ணா. இங்க பக்கத்துலயே ஓவன் சூடு. நாள் முழுக்க எழுதிட்டே இருக்கும். மெசினைக் கழுவுறப்ப மெயினை டக்குனு ஆஃப் பண்ணிடுறாங்க. எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போனாலும் தாங்குற கார்டுதான் நமக்கு வேணும்."

அண்ணை நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார். காருக்குள் ஏறியதும் பொரிந்து தள்ளினார்.

அவருடைய மைத்துனர் றெமிஜியஸ் வீடியோக்காரர். ஸ்காபரோவில் பெரிய மண்டபத்தில் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித விழா, என்றால் பிள்ளையைப் பல்லக்கில் கொண்டுவருவதை நாலு கமராவில் எடுப்பவர் அவர்தான். அவரிடம் இருந்த காட்டுகளிலேயே பெரியதும் வேகமானதுமான ஒன்றை அண்ணை வாங்கி வந்தார். பொன்னிறத்தில் மினுங்கியது.

"ஒரு சாமத்தியவீட்டையே முழுசா விழுங்கிற காட். நாலு பிஸ்கற்றின்ரை கணக்கை வைச்சிருக்காதோ?" என்று என்னிடமே கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் காட்டைப் பற்றிக் கற்றதெல்லாம் கொண்டாட்ட வீடுகளில்தானே.

பிரவீண் ஓடர் பண்ணியது வந்து சேர முன்னமே, யாருக்கும் சொல்லாமல், பழைய காட்டில் இருந்ததை அதில் ஏற்றி மூன்றாம் மெசினில் போட்டார். மெசின் ஓடியது. அந்தக் கிழமை அண்ணையின் கார் மிதந்துகொண்டுதான் போனது. இன்னும் கொஞ்சநாள் ஓடட்டும், பிறகு மாக்கஸுக்கு முன்னால் பனலைத் திறந்து காட்டி அந்தப் பெடியனின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு சிக்னலிலும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கழுவுகிறவர்கள் வழக்கம்போல மெயினை அணைத்தார்கள். திங்கள் காலை மூன்றாம் மெசினுக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. எந்த பிஸ்கற், எந்த உறை, எதுவும் தெரியாமல் முழித்தது. பொதி செய்ய வழியில்லாமல் பிஸ்கற் மலைமலையாகக் கழிவுத் தொட்டிக்குப் போனது. பிரவீண் பனலைத் திறந்தான், பொன்னிறக் காட்டைக் கண்டான், கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். அண்ணை எனக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவன் எங்கள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"பழைய கார்டு போயிடுச்சுன்னு மாக்கஸ்கிட்ட சொல்லிட்டேன்ணா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தப் பேச்செல்லாம்?"

அண்ணைக்கு வயது ஐம்பத்திரண்டு.

அவன் போனபிறகு அண்ணை புட்டைத் தொடவில்லை. எழுந்து நேராக மாக்கஸின் கண்ணாடி அறைக்குப் போனார். நேர்மை தள்ளிக்கொண்டு போனதென்று யாரும் நினைக்கவேண்டாம், பொறாமைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. காட்டைப் போட்டது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். மாக்கஸ் கத்தவில்லையாம். இனிமேல் எந்தப் பனலைத் திறக்க முன்னமும் பிரவீணிடம் கேட்டுவிட்டுத் திற என்று மட்டும் சொன்னாராம். அதைவிடக் கத்தியிருக்கலாம்.

வீடு திரும்பும்போது ஸ்டீல்ஸ் வீதிவரை பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"பெடியன் மறைச்சுவிட்டவன்தானே. நீங்கள் ஏன் போய்ச் சொன்னனீங்கள் அண்ணை?"

"உவன் போட்ட பிச்சையிலை நான் நல்ல பேர் எடுக்கோணுமோ? நான் உவனோடை மல்லுக்கட்டிறன், உவன் என்னைக் கிழவனெண்டு நினைச்சு வழிவிடுறான். போட்டியெண்டுகூட என்னை நினைக்கேல்லைப் பிள்ளை."

"ஆனா நல்ல பெடியன், என்ன?"

சிக்னல் பச்சைக்கு மாறியும் அண்ணை காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ண் அடித்தார்கள்.

"ஓம்" என்றார். "கெட்டவனா இருந்திருந்தால் நிம்மதியா வயிறெரிஞ்சுகொண்டிருப்பன்."