இடது கதவு திறக்காத பிக்கப்பு

என் பட்டறைக்கு அடுத்த ஷெட்டுல இருக்கிறவரை எல்லாரும் பிக்கப்புக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு அவர் அண்ணன். கூடப் பொறந்தவர் இல்ல. நான் வண்டிக்கு சீட்டு தைக்கிறவ, அவர் பழைய வண்டிய புதுசாக்குறவர், அந்தப் பழக்கம்தான்.

அண்ணி தவறிப்போனப்புறம் அவருக்குன்னு மிஞ்சினது ஒரு பழைய பிக்கப்பு வண்டி. துருப்பிடிச்ச தகரத்தை வெட்டி எறிஞ்சு, இன்ஜினைப் பிரிச்சு மாட்டி, பச்சைப் பெயிண்ட் அடிச்சு, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டார். சீட்டு நான் தைச்சது. தையல் ஒரு நூல் கோணிச்சுன்னு முழுசாப் பிரிக்க வச்சார், படுபாவி மனுஷன்! ஆனா இடது கதவு மட்டும் உள்ளேருந்து திறக்காது. "அதையும் சரி பண்ணிடுங்களேண்ணே"ன்னா, "உன் வேலையப் பாரு"ம்பார்.

விக்கப் போறேன்னு விளம்பரம் குடுத்தார். விலையக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"யானை விலை சொன்னா எவன்ணே வாங்குவான்?"

"வாங்க வேணாம். வந்து பாக்கட்டும்."

அப்பதான் எனக்கு உறைச்சுது. நியாயமான விலை சொன்னா முதல் ஆளே ஓட்டிட்டுப் போயிடுவான். ரொம்ப ஏத்தினா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். பேசினா படிஞ்சுடும்னு ஆசை காட்டுற அளவுக்கு மட்டும் ஏத்தி வச்சிருந்தார். அந்தக் கணக்குல மனுஷன் கில்லாடி.

வர்றவங்களை இடது பக்கம் உக்கார வச்சுக் கதவைச் சாத்துவார். அவ்வளவுதான், மாட்டினாங்க! ஜன்னல்ல கைய ஊனிக்கிட்டு ஆரம்பிப்பார். கல்யாணமான புதுசு, கொட்டுற மழை, இந்தக் கதவு திறக்காம அண்ணி ஜன்னல் வழியா வெளிய குதிச்சது, ஒரு செருப்பு உள்ளயே மாட்டிக்கிட்டது. கேக்குறவங்க சிரிப்பாங்க. அப்புறம் பேரம் நடக்கும், படியாது, போயிடுவாங்க. அன்னிக்கு அவர் நல்லா சாப்பிடுவார். மத்த நாள்ல ரேடியோவோட வாதாடிக்கிட்டிருப்பார். மக வெளிநாட்டுல. "சாப்டீங்களாப்பா"ன்னு ஆரம்பிக்கிற போன் அதுலயே முடிஞ்சுடும்.

இதுக்கு நடுவுல பணக்காரங்களுக்குப் பழைய பிக்கப்பு மேல கிறுக்குப் பிடிச்சுது. ஹோட்டல் வாசல்ல நிறுத்தி, முன்னாடி நின்னு போட்டோ எடுக்குறாங்களாம். விலை கிடுகிடுன்னு ஏறிடுச்சு. இவருக்கு அது தெரியல. ஒருநாள் போன்ல ஒருத்தன் விலையக் கேட்டான், சொன்னார். "சரி, எடுத்துக்கறேன்"ன்னுட்டான். பேரமே பேசல.

வெளிறிப்போய் என் பட்டறைக்கு வந்து நின்னார்.

"ஏத்திச் சொல்லுங்கண்ணே, ஓடிடுவான்."

"சொன்ன விலைக்கு சரின்னுட்டா வண்டி அவனுது. அதுக்கப்புறம் மாத்தினா நான் என்ன வியாபாரி?"

"வண்டிய எடுக்க நேர்ல வருவான்ல, அப்பப் பேசிக்கலாம் விடுங்க"ன்னேன். அந்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டார். சலவைச் சட்டை போட்டு, ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி, ரெண்டு நாற்காலி துடைச்சுப் போட்டுக் காத்திருந்தார்.

பணம் பேங்க்குக்கு வந்துச்சு. ஆள் வரல. வண்டிய ஏத்திட்டுப் போக ஒரு லாரிதான் வந்துச்சு.

"கொஞ்சம் இடது பக்கம் உக்காந்து பாருங்களேன்"னு லாரி டிரைவர்கிட்ட கெஞ்சினார்.

"எனக்கெதுக்கு பெரியவரே? ஏத்தி இறக்குறதுதான் என் வேலை."

"அப்ப உங்க முதலாளிகிட்டயாவது சொல்லிடுங்க, இடது கதவு உள்ளேருந்து திறக்காதுன்னு."

"ஹோட்டல் வாசல்ல நிக்கப்போற வண்டி. அதுல யாரு உக்காரப் போறா?"

அந்தாளு வாயில மண்ணைப் போடணும் போல இருந்துச்சு எனக்கு. ஆனா அவன் மேல என்ன தப்பு? லாரி போயிடுச்சு. தரையில எண்ணெய்க் கறை மட்டும் கிடந்துச்சு. அண்ணன் அதைச் சுத்தியே நடந்தார், மிதிக்கல.

மனசு கேக்கல. வேலையப் போட்டுட்டுப் போய் அந்த நாற்காலியில உக்காந்தேன். "அண்ணே, அண்ணி ஜன்னல் வழியா குதிச்ச கதையச் சொல்லுங்க."

"உனக்குத்தான் தெரியுமே."

"பரவால்ல, சொல்லுங்க."

என் பக்கத்துல வந்து நின்னார். பழக்கதோஷம், ஜன்னல்ல ஊன்றதுக்குக் கையத் தூக்கினார். ஊனிக்க ஒண்ணுமில்லாம கை அப்படியே நின்னுச்சு.

"கல்யாணமான புதுசு"ன்னார். அதுக்கு மேல அவருக்கு வரல.