வெல்டிங்கை நான் கார்டில் எழுதவில்லை

எழுபதுகளில் கவரைப்பேட்டை பக்கம் ஒரு ஷீட் மெட்டல் கம்பெனியில் வேலை. அங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் நான் ஒருவன்தான். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பவர் பிரஸ்ஸுக்கு ஒரு லாஜிக் போர்டு செய்தேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை பட்டனில் இருந்தால், தகடு வைக்கும் அச்சான டைக்குள் இருக்காது அல்லவா? சர்க்யூட்டைப் பஞ்ச் கார்டுகளில், அதாவது துளையிட்ட அட்டைகளில், எழுதி, மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சிமுலேஷன் ஓட்டினேன். சர்க்யூட்டில் எந்த லாஜிக் கேட் எதோடு சேர்கிறது, எந்த இன்புட் எப்போது 0, எப்போது 1 என்று நாம் சொன்னால், அவுட்புட் என்ன ஆகும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். இரண்டு நாளில் பிரிண்ட்-அவுட் வந்தது. ஒரு தப்பும் இல்லை.

“கம்ப்யூட்டரே சரின்னுடுச்சு. மாட்டி ஓட்டுங்கப்பா!” என்றார் மேனேஜர்.

பிரஸ் ஆபரேட்டர் முனுசாமி பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. என் வயதுதான். பிரிண்ட்-அவுட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், பக்கத்து ஷெட்ல வெல்டிங் போட்டுக்கினே கீறாங்களே, அது இந்தக் காயிதத்துக்குத் தெரியுமா?”

“அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“எனக்கு இன்னா தெரியும்? புதுசா எது மாட்டுனாலும் ஒரு ஷிப்டு குச்சிய வுட்டுத்தான் பாப்பேன். அப்பாலதான் கை.”

“பேஜாரு பண்ணாதய்யா” என்று மேனேஜர் கத்தினார். எனக்கும் கோபம்தான், என் போர்டையா சந்தேகப்படுகிறார் என்று. முனுசாமி அசையவில்லை. ஒவ்வொரு தகட்டையும் மூங்கில் குச்சியால் டைக்குள் தள்ளினார்.

மதியம் வரை ஒழுங்காக ஓடியது. “போதும் முனுசாமி, கையாலயே வைங்க” என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த தகட்டையும் குச்சியால் தள்ளினார். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் பொறி பறந்தது. பட்டனில் யார் கையும் இல்லை. பிரஸ் டமாலென்று இறங்கியது. குச்சி நசுங்கிப்போனது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இரண்டு பட்டன் ஒயரையும் ஒரே பைப்பில் இழுத்திருந்தேன். வெல்டிங் பொறி பறந்தபோது இரண்டிலும் ஒன்றாக ஒரு மின் துடிப்பு ஏற, போர்டு அதை இரண்டு கை என்று எடுத்துக்கொண்டது. சிமுலேஷன் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்த 0, 1-ஐ அது அப்படியே நம்பியது. பைப்பையும் வெல்டிங்கையும் நான் எந்தக் கார்டிலும் எழுதவில்லை.

ஒயர்களைப் பிரித்து, அந்தத் துடிப்பைத் தடுக்க ஃபில்டர் போட்டுச் சரிசெய்தேன். அதன்பிறகு ஆபரேட்டரிடம் கேட்காமல் ஒரு கார்டுகூட பஞ்ச் செய்ததில்லை. இன்றைக்கும் நான் நிம்மதியாக இருப்பது அந்த மனிதரின் பிடிவாதத்தால்தான்.

அடுத்த வருடம் அவர் தங்கை கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் என் இலையில் இரண்டு கையாலும் சோற்றை அள்ளி வைத்தார்.

“சாப்டு சார், இன்னா பாத்துக்கினே கீறே?”

அவர் விரல்களைத்தான். பத்தும் இருந்தன.