பிடுங்காமல் விட்ட வயர்

எனக்கு மச்சானைப் பிடிக்காது. என் அக்கா, ராத்தாவின் புருஷன் என்பதால் வாயால் 'நீங்க' என்பேன். மனதுக்குள் எப்போதும் 'அவன்'தான். அவனிடம் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல குணம், முகத்துக்கு நேரே ஏசுவானே தவிரப் பொய் சொல்லமாட்டான் என்பது.

சுனாமியில் உம்மாவும் வாப்பாவும் பழைய வீட்டோடு போனார்கள். பிறகு கிடைத்த வீட்டை ராத்தாவின் பெயரில் எழுதினோம். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து இன்னொருத்தியின் வீட்டுக்குப் போவான். அதுவரை எனக்குப் பின்னறை. முன்னறையில் மச்சானின் இன்டர்நெட் கடை, ஆறு கம்ப்யூட்டர்.

நாட்டில் சண்டை முடிந்த வருஷம் நிவாரண அலுவலகங்கள் ஒவ்வொன்றாக மூடின. நான் வேலை செய்ததும் மூடியது. போகும்போது ஒரு பழைய ரவுட்டரைத் தந்துவிட்டுப் போனார்கள். பின்பக்கம் ஐந்து போர்ட்: இன்டர்நெட் வருவதற்குத் தனியாக ஒன்று, கம்ப்யூட்டர் கொழுவ நான்கு. நான்கில் ஒன்று செத்திருந்தது. கொழும்பில் நெட்வேர்க் வேலை ஒன்றுக்குச் செய்முறைப் பரீட்சை இருபது நாளில். தேறினால் எவர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கத் தேவையில்லை. இரவல் கம்ப்யூட்டர் இரண்டை அந்த ரவுட்டரில் கொழுவிக் கழற்றி, மறுபடி கொழுவிப் படித்தேன்.

அதைக் கண்ட மச்சான், கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே, "அல ஒதுக்கின குப்பையெல்லாம் இந்த ஊட்டுக்குள்ள கொண்டு வராத" என்றான். அலை எங்களிடம் எடுத்ததை அறிந்தவன் பேசக்கூடிய பேச்சா அது?

வெள்ளிக்கிழமை அவன் கடையைப் பூட்டிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனான். நான் போகவில்லை. பாடத்துக்கு வேண்டியதை இன்டர்நெட்டில் இருந்து இறக்கலாம் என்று, கடை லைனில் இருந்து ஒரு வயரை இழுத்து வந்து என் ரவுட்டரில் மிஞ்சியிருந்த கம்ப்யூட்டர் போர்ட்டில் கொழுவினேன். அப்படிக் கொழுவுமுன் ரவுட்டர் கம்ப்யூட்டர்களுக்குத் தானாக முகவரி கொடுப்பதை நிறுத்தவேண்டும். புத்தகத்தில் நானே கோடு போட்டு வைத்திருந்த வரி, அவசரத்தில் மறந்தேன். ஒரே தெருவுக்கு இரண்டு பேர் வீட்டு நம்பர் கொடுத்த மாதிரி ஆயிற்று. மச்சானின் கம்ப்யூட்டர்கள் என் ரவுட்டரிடம் முகவரி வாங்கிக்கொண்டு, ஒரு பக்கமும் திறக்காமல் நின்றன.

பின்னேரமே எனக்குக் காரணம் விளங்கியது. வயரைப் பிடுங்கினால் சரி. பிடுங்கவில்லை. குப்பைதானே, கிடக்கட்டும் என்று இருந்தேன். இரண்டு நாளாக வந்தவர்கள் எல்லாம் அவனை ஏசிவிட்டுப் போனார்கள். கட்டாரில் இருக்கும் புருஷனோடு கதைக்க வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அப்போதும் நான் அசையவில்லை. அவன் வியர்த்து நின்றது எனக்கு இனித்தது.

மூன்றாம் நாள் பிடுங்கினேன். எல்லாம் வேலை செய்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பேன். கடை நிறைய ஆள் இருக்கும்போது, "என்ட ரவுட்டர்தான் காரணம். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் ராத்தாவைப் பார்த்து, "ஒண்ட ஊட்டையும் ஒண்ட தம்பியையும் நீயே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். ராத்தாவுக்கு அப்போது ஏழு மாதம்.

மறுநாள் காலை ராத்தா ரவுட்டரையும் வயர்களையும் ஒரு பையில் போட்டு என் முன் வைத்தாள்.

"நீ போனாத்தான் அவர் வருவாராம்."

"நீயும் போகத்தான் செல்லுறாயா ராத்தா?"

"ஓம், போ தம்பி."

ஒரு கூட்டாளியின் கடையில் படுத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனேன். ஒரு லைனில் இரண்டாவது ரவுட்டரைக் கொழுவும் அதே வேலைதான் வந்தது. முகவரி கொடுப்பதை முதலில் நிறுத்தினேன். தேறினேன். அதன்பிறகு பல வருஷம் மச்சானோடு பேச்சில்லை. என்னைத் துரத்தியவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போன வருஷம் ஊரில் ஒருவர் இறந்த ஜனாஸா வீட்டில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ ஏன்டா அண்டைக்குப் போன? நான் பகல் சோத்துக்கே திரும்பி வந்துட்டன். ஒன்னப் போகச் செல்லி நான் ஒருத்தருக்கிட்டயும் செல்லல்ல."

மச்சான் பொய் சொல்லமாட்டான்.